டேங்க்கில் பைப் இணைக்கும் ரப்பர் சீல்: நீலகிரி வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வீட்டுக்கு மேலே மேட்டில் ஒரு டேங்க், கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய், ஊற்றிலிருந்து வரும் ஓஸ் என்று ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். பைப் டேங்க்குக்குள் நுழையும் இடத்தில்தான் முதல் சொட்டு ஒழுகும். 200 லிட்டர் பீப்பாயிலிருந்து 2000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் வரை, அந்த ஒரு இடத்தைப் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கடையில் ‘டேங்க் ரப்பர்’ என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றை எடுத்துத் தருகிறார்கள். எதை வாங்குவது?

மூன்று சாமான்கள் இந்தப் பெயரில் ஓடுகின்றன.

முதலாவது தட்டை வாஷர். டேங்க் நிப்பிளோடு, அதாவது டேங்க் ஓட்டையில் மாட்டி நட்டால் இறுக்கும் தலையும் மரையும் உள்ள துண்டோடு, வரும் வட்டமான ரப்பர். நிப்பிளின் தலைக்கும் டேங்க் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, நட் இறுக்கும்போது நசுங்கித் தண்ணீரை நிறுத்தும்.

இரண்டாவது கிராமெட். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்குப் பழக்கமான சாமான்: மெயின் பைப்பில் ஓட்டை போட்டு, ரப்பரைச் செருகி, அதற்குள் கனெக்டரை அழுத்துவோமே, அதேதான். அதன் பெரிய அண்ணன்தான் டேங்க்குக்கு வருவது. நட், மரை எதுவும் கிடையாது. ஓட்டையில் ரப்பரை மாட்டி, பைப்பை நேராக அதற்குள் தள்ளினால், ரப்பர் விரிந்து சுவரையும் பைப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். யூனிசீல் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பது இந்த வகை.

மூன்றாவது ஓ-ரிங். சில நல்ல நிப்பிள்களில் தலைக்குக் கீழே ஒரு பள்ளம் வெட்டி இதைப் பொதித்திருப்பார்கள். அதைத் தனியாக வாங்கித் தட்டை வாஷருக்குப் பதிலாகப் போடக் கூடாது. பள்ளம் இல்லாத இடத்தில் அது ஒரு பக்கமாக நழுவிவிடும்.

டேங்க்குக்குள் கை எட்டுமென்றால் என் ஓட்டு டேங்க் நிப்பிளுக்குத்தான். கை எட்டாத பீப்பாய், வளைவு அதிகமான சுவர், இரண்டு மூன்று பீப்பாய்களை அடியில் ஒன்றோடொன்று இணைப்பது: இங்கெல்லாம் கிராமெட்டுக்கு ஈடில்லை.

1 இன்ச் பைப்புக்கு 1 இன்ச் கிராமெட் வாங்கினேன். லொடலொடவென்று ஆடுகிறது. சரக்கு மோசமா?

சரக்கு சரியாகத்தான் இருக்கும். இடிப்பது பைப்பின் கணக்கு. நம் ஊரில் ‘1 இன்ச் பைப்’ என்று விற்பதில் குறைந்தது மூன்று தடிமன் உண்டு. கிராமெட்டுக்கு வேண்டியது பைப்பின் வெளிவிட்டம். வாயால் சொல்லும் அளவு அதற்கு உதவாது.

வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை யூபிவிசி பைப், இன்ச் கணக்கில் செய்தது. அதன் 1 இன்ச்சுக்கு வெளிவிட்டம் 33.4 மி.மீ. தோட்டத்துக்குப் போடும் சாம்பல் நிற பிவிசி மில்லிமீட்டர் கணக்கு; கடைக்காரர் 1 இன்ச் என்று கொடுப்பது உண்மையில் 32 மி.மீ. வெந்நீருக்குப் போடும் சிபிவிசியில் 1 இன்ச் என்பது 28.6 மி.மீ.தான். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

வெள்ளை பைப்பின் மற்ற அளவுகள்: அரை இன்ச் 21.3, முக்கால் 26.7, ஒண்ணேகால் 42.2, ஒன்றரை 48.3, இரண்டு 60.3 மி.மீ. அதே வரிசையில் சாம்பல் பைப் 20, 25, 40, 50, 63. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஒண்ணேகால் வரை சாம்பல் பைப் மெலிந்தது, ஒன்றரையிலிருந்து அதுதான் தடித்தது. அதனால் சாம்பல் பைப்புக்கு வெள்ளை பைப்பின் ரப்பரை வாங்கினால், சின்ன அளவில் ஒழுகும், பெரிய அளவில் பைப் உள்ளேயே போகாது.

வெளிநாட்டு வகை கிராமெட்டுகள் பெரும்பாலும் இன்ச் பைப்பின் வெளிவிட்டத்துக்கு வார்க்கப்பட்டவை. ஆகவே டேங்க்கைத் தொடும் ஒரு துண்டை மட்டும் வெள்ளை யூபிவிசியில் வைத்துக்கொண்டு, வெளியே வந்த பிறகு சரியான கனெக்டர் போட்டுச் சாம்பல் பைப்புக்கோ ஓஸுக்கோ மாறுவது நிம்மதி.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லாமல் வெளிவிட்டத்தை எப்படி அளப்பது?

ஒரு தாள் துண்டைப் பைப்பைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒரு முனை மறு முனையைத் தொடும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தாளை விரித்து ஸ்கேலால் அளந்து, 3.14-ஆல் வகுங்கள். 33.4 மி.மீ. பைப்புக்குத் தாளில் 105 மி.மீ. வரும், 32 மி.மீ. பைப்புக்கு நூற்றைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வரும். விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம் தாளில் நாலரை மில்லிமீட்டராக விரிந்து நிற்கும். வெர்னியர் வைத்திருப்பவர்கள்கூட இப்படி ஒரு தடவை சரிபார்க்கலாம், ஏனென்றால் சுருளாக வந்த பைப் முழு வட்டமாக இருக்காது.

கடைக்குப் போகும்போது பைப்பில் ஒரு சாண் துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். கோயம்புத்தூரிலிருந்தோ இணையத்திலோ வரவழைப்பதாக இருந்தால் வெளிவிட்டத்தை மி.மீ.யில் எழுதிக் கேளுங்கள். ரப்பர் மாற்றவென்று இன்னொரு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏற யாருக்கு நேரம்?

ரப்பரில் எந்த ரகம்?

தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். கேள்வியே வேண்டாம். கறுப்பாக இருக்கும், மழை, வெயில், ஓசோன் எதற்கும் சீக்கிரம் வெடிக்காது.

சாதா இயற்கை ரப்பர் வாஷர் விலை மலிவு, நன்றாக இழுபடும், வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் போதும். ஆனால் வெளியே, இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை ரப்பரை ஓசோன் கீறிவிடும். மேல்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் குறுக்காக ஓடும். ஊட்டிக் குளிரில் வெயில் உறைக்காததுபோல் இருக்கும், அதை நம்ப வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டரில் இருக்கிறது. கீழே சமவெளியில் தாக்குப்பிடிக்கும் ரப்பர் இங்கே அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நைட்ரைல் எண்ணெய்க்கும் டீசலுக்கும். சிலிக்கான் சூட்டுக்கு நல்லது, ஆனால் கிழிசல் தாங்காது. ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அதோடு சரி. சைக்கிள் டியூபை வெட்டி வாஷராக்குவது பழைய வழக்கம். ஆடு மாட்டுக்கான தொட்டி என்றால் சரி, குடிதண்ணீர் டேங்க்கில் வேண்டாம்.

கடையில் பார்த்தவுடனே நல்ல வாஷரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாக மடித்து, மடிப்பின் வெளி வளைவைக் கட்டைவிரலால் அழுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ வளைவு வெளுத்தாலோ வைத்துவிடுங்கள். விட்டதும் பழைய வடிவத்துக்கு உடனே வர வேண்டும். மெதுவாக, மனமில்லாமல் வந்தால் பழைய சரக்கு. தடிமன் 3 மி.மீ. இருந்தால் நல்லது. டேங்க் நிப்பிளோடு இலவசமாக வரும் வாஷர் பல நேரம் ரொம்பக் கெட்டியாக இருக்கும்; பிளாஸ்டிக் டேங்க்குக்கு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக மெத்தென்ற ஈபிடிஎம் வாஷர் வாங்குவதே லாபம்.

ஓட்டை எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

ஒழுகும் டேங்க்குகளில் ரப்பரைக் குற்றம் சொல்லும் முன் ஓட்டையைப் பாருங்கள். வாஷர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோணல் ஓட்டையைக் காப்பாற்றாது.

டேங்க் நிப்பிளுக்கு: 1 இன்ச் நிப்பிள் என்பதற்காக 1 இன்ச் ஓட்டை போட்டால் மரை உள்ளே நுழையாது. நிப்பிளின் மரைக்கு வெளியே உள்ள விட்டத்தை அளந்து, அதைவிட 1 அல்லது 2 மி.மீ. மட்டும் பெரிதாகப் போடுங்கள். அதற்கு மேல் போனால் வாஷர் உட்காரும் விளிம்பு குறைந்துவிடும்.

கிராமெட்டுக்கு: பாக்கெட்டில் போட்டிருக்கும் துளை அளவுதான் சட்டம். பொதுவாக 33.4 மி.மீ. பைப்புக்கான கிராமெட்டுக்கு ஒண்ணேமுக்கால் இன்ச், அதாவது 44 மி.மீ. அளவில் ஓட்டை, 60.3 மி.மீ. பைப்புக்கு 3 இன்ச், 76 மி.மீ. அளவு. இங்கே ‘கொஞ்சம் பெரிசா இருந்தா சுலபமா போகும்’ என்ற சலுகை கிடையாது. இரண்டு மில்லிமீட்டர் பெரிதானால் ரப்பருக்குப் பிடி இல்லை. இரண்டு மில்லிமீட்டர் சிறிதானால் ரப்பர் நெருக்கப்பட்டு, பைப்பைத் தள்ளவே முடியாது.

டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பமான ஹோல் சா பயன்படுத்துங்கள். டிரில்லில் ஹேமர் முறையை அணைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிப் பல்லில் ஒட்டும். பிறகு விளிம்பில் தொங்கும் இழைகளைக் கத்தியால் சீவி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் உப்புத்தாளால் தேயுங்கள். உள்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. ஆனால் வாஷர் உட்காருவது அங்கேதான். சீவிய தூள் டேங்க்குக்குள் விழும். அதை அள்ளாமல் விட்டால் சில நாளில் குழாயின் ஃபில்டரில் வந்து நிற்கும்.

கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டால் என்ன? எங்கள் பிளம்பர் அப்படித்தான் போடுகிறார்.

ஓட்டை விழும், மறுப்பதற்கில்லை. ஆனால் உருகிய பிளாஸ்டிக் விளிம்பைச் சுற்றி வரப்புபோல் தடித்து நிற்கும், வட்டமும் முட்டையாகும். அந்த வரப்பின் மேல் வாஷரை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு பக்கமும் சந்து இருக்கும். ஏற்கெனவே அப்படிப் போட்டாகிவிட்டது என்றால், வரப்பைக் கூரான உளியால் சமமாகச் சீவி, அகலத் தலை உள்ள நிப்பிளும் பெரிய வாஷரும் போட்டுப் பாருங்கள். கிராமெட்டுக்கு அந்த ஓட்டை உதவாது.

டேங்க்கில் எந்த இடத்தில் போடுவது?

அடிப்பக்கம் சுவரில் தட்டையாக ஒரு சதுரம் அல்லது வட்டம் விட்டு வார்த்திருப்பார்கள். அது பைப்புக்கென்றே விட்ட இடம். வரி வரியாக எழும்பி நிற்கும் பாகத்தில் தட்டை வாஷர் உட்காராது.

வீட்டுக்குப் போகும் பைப்பை அடியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. மேலே வையுங்கள். ஊற்றுத் தண்ணீரில் செம்மண்ணும் இலைச்சக்கையும் வரும். அது அடியில் தங்கட்டும். அதைக் கழுவிவிட அடியோடு அடியாக இன்னொரு ஓட்டையும் வால்வும் வேண்டும். ஒரே ஓட்டையில் இரண்டு வேலையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் மழைக்காலம் முழுவதும் கலங்கல் தண்ணீர்தான் குடிப்பார்கள்.

வாஷர் உள்ளே போடுவதா, வெளியே போடுவதா?

ஒரே ஒரு வாஷர்தான் இருக்கிறது என்றால் உள்ளே, நிப்பிளின் தலைக்குக் கீழே. தண்ணீர் வரும் பக்கத்திலேயே அதை நிறுத்திவிட்டால், மரை வழியாக ஊர்ந்து வரும் பேச்சே இல்லை. இரண்டு இருந்தால் வெளியேயும் ஒன்று போடலாம், ஆனால் நட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் அவசியம். இல்லாவிட்டால் நட் சுற்றும்போது ரப்பரையும் சேர்த்து முறுக்கிச் சுருட்டிவிடும்.

இறுக்கும்போது உள்ளே ஒருவர் நிப்பிளை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே இருப்பவர் நட்டை மட்டும் சுற்ற வேண்டும். கையால் முடிந்தவரை இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. ரப்பர் நசுங்குமே தவிர அதன் கன அளவு குறையாது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். 3 மி.மீ. வாஷர் இரண்டு மில்லிமீட்டரும் சொச்சமுமாக ஆகும் வரை போதும். விளிம்பைச் சுற்றி ரப்பர் உதடு பிதுங்கியதுபோல் தெரிந்தால் அதிகமாகிவிட்டது, தளர்த்துங்கள்.

மறுநாள் ஒரு தடவை நட்டைத் தொட்டுப் பாருங்கள். ரப்பரும் டேங்க் பிளாஸ்டிக்கும் ஓர் இரவில் கொஞ்சம் அமர்ந்துவிடும், ஒரு நூல் அளவு இறுக்கம் கேட்கும்.

டேங்க் வாய் சின்னது, அடியிலுள்ள ஓட்டை வரை கை எட்டவில்லை. நிப்பிளை எப்படி மாட்டுவது?

அடியிலுள்ள அந்த ஓட்டை வழியாக உள்ளே ஒரு நீளமான சரடை விடுங்கள். முனையில் சின்ன மிதவை, தெர்மாகோல் துண்டு போதும். டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் மிதந்து நிற்கும். மேல் வாய் வழியாகக் கொக்கிக் கம்பியால் எடுத்துவிடலாம். நிப்பிளின் மரைப் பக்கம் ஓட்டையைப் பார்க்கும்படி சரடைக் கோத்து, தலைக்குப் பின்னால் ஒரு குச்சியைக் குறுக்கே கட்டுங்கள். வாஷரை நிப்பிளில் மாட்ட மறக்க வேண்டாம். வெளியிலிருந்து மெல்ல இழுத்தால் நிப்பிள் கீழிறங்கி ஓட்டைக்குள் மூக்கை நீட்டும். சரடை இழுத்துப் பிடித்தபடியே நட்டைக் கோத்துச் சுற்றுங்கள். நிப்பிள் கூடவே சுற்றினால், மரைப் பக்கத்தின் உள்துவாரத்தில் ஒரு மரக்கட்டையை இறுக்கச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கூத்து பிடிக்காதவர்களுக்குத்தான் கிராமெட். அதற்கு உள்ளே கை போகவே தேவையில்லை.

கிராமெட்டில் பைப் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

போகாது, சும்மா தள்ளினால். பைப்பின் முனையை அரத்தால் சுற்றிலும் சாய்வாகச் சீவி, உப்புத்தாளால் வழவழவென்று ஆக்குங்கள். கூரான விளிம்பு ரப்பரின் உள்உதட்டைச் சீவிவிடும். பிறகு எந்த ஜென்மத்திலும் ஒழுகல் நிற்காது. ரப்பரை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் இளகும். டிசம்பர், ஜனவரி காலையில் இந்த வேலையை ஆரம்பிக்காமல் மதியத்துக்குத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது.

அகலமான பக்கம் வெளியே, நீங்கள் நிற்கும் பக்கம் இருக்க வேண்டும். ஓட்டையும் ரப்பரின் வெளிப்புறமும் உலர்ந்திருக்கட்டும். பைப்புக்கும் ரப்பரின் உள்புறத்துக்கும் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளிப்புறத்திலும் தடவினால் ரப்பரே உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். நேராகத் தள்ளி, இலேசாகத் திருகிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் தடுப்பு விட்டு, பைப் சட்டென்று ஓர் அங்குலம் உள்ளே போகும். அது கையில் தெரியும். அதற்கு மேல் இன்னும் 3, 4 செ.மீ. உள்ளே போனதும் நிறுத்துங்கள்.

கிரீஸ், வாசலின், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் ஊதிப்போய் இளகிவிடும். பைப் ஒட்டும் சொல்யூஷனையும் ரப்பரில் தடவ வேண்டாம். அது பிவிசியைத்தான் ஒட்டும்.

டெஃப்லான் டேப், எம்-சீல், சிலிக்கான் இதெல்லாம் போட்டால் கூடுதல் பாதுகாப்புதானே?

நட்டுக்குக் கீழே டெஃப்லான் சுற்றுவதில் பயன் இல்லை. அங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர். மரை வெறும் இறுக்கத்துக்கு. நிப்பிளுக்குப் பிறகு வரும் வால்வு, எல்போ மரைகளில் சுற்றுங்கள், அங்கே அது வேலை செய்யும்.

எம்-சீலும் சிலிக்கானும் பாலிஎதிலீன் டேங்க்கில் ஒட்டவே ஒட்டாது. காய்ந்ததும் ஒட்டியதுபோல் தெரியும். ஒரு வெயில், ஒரு குளிர் கழிந்தால் நகத்தால் முழுசாக உரித்து எடுக்கலாம். அதற்குள் அடியில் எங்கே ஒழுகுகிறது என்பதும் மறைந்துவிடும். ஒழுகும் டேங்க் நிப்பிள் மேல் கைப்பிடி அளவு எம்-சீல் அப்பியிருந்தால், அங்கே வாஷரை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் டேங்க் மேட்டில், வீடு 100 அடி கீழே. அவ்வளவு அழுத்தத்தை இந்த ரப்பர் தாங்குமா?

டேங்க்கில் உள்ள ரப்பருக்கு அந்த 100 அடி தெரியாது. அதன் மேல் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் அதற்கு அழுத்தம். டேங்க்கில் 1.2 மீட்டர் தண்ணீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.12 கிலோ, அவ்வளவே. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் 3 கிலோ அழுத்தம் வருவது கீழே வீட்டுக் குழாயில். அங்கே கிராமெட் போட்டால் பிடுங்கிக்கொண்டு போகும். பம்ப்பிலிருந்து நேராக வரும் அழுத்த லைனுக்கும் அதே தடை.

மேலே இருக்கும் ரப்பரைக் கெடுப்பது அழுத்தம் இல்லை, இழுப்பு. 1 இன்ச் பைப்பில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 மீட்டர் சரிவில் தொங்கும் பைப்பில் தண்ணீரே பதினைந்து கிலோ, பைப்பின் எடை தனி. அந்தப் பாரம் முழுக்க டேங்க் மூட்டில் தொங்கினால் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறக்கும். ஆகவே டேங்க்கை விட்டு வெளியே வந்த ஓர் அடிக்குள் பைப்பை ஒரு கல்தூணிலோ சிமெண்ட் கட்டையிலோ கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். அந்தக் கட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் ஓஸ் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. டேங்க்கின் அடிமண் மழையில் ஊறி ஒரு விரல் இறங்கினாலும் மூட்டு தப்பிக்கும்.

இன்னொன்று. மேலே டேங்க் அருகில் வால்வை மூடி, கீழே குழாயைத் திறந்துவிட்டால் பைப்புக்குள் வெற்றிடம் ஏற்பட்டு மெல்லிய ஓஸ் சப்பையாகிவிடும். வால்வுக்கு அடுத்து ஒரு டீ போட்டு, டேங்க் உயரத்துக்கு மேல் போகும் காற்றுக் குழாய் ஒன்றை நிறுத்துங்கள்.

உறைபனி நாட்களில் மட்டும் காலையில் ஒழுகி, மதியம் நின்றுவிடுகிறது. பனியில் ரப்பர் கெட்டுப்போகிறதா?

ரப்பருக்கு நம் ஊர்ப் பனி ஒரு பொருட்டே இல்லை. ஈபிடிஎம் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழும் இளக்கமாகவே இருக்கும். சுருங்குவது பைப். 10 மீட்டர் பிவிசி பைப், வெப்பம் 20 டிகிரி இறங்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை குறுகும். கறுப்பு ஹெச்டிபிஈ ஓஸ் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் பள்ளத்தில் விடியற்காலைக்கும் மதிய வெயிலுக்கும் இடையே அந்த 20 டிகிரி சுலபமாக வரும். நீட்டி இறுக்கமாகப் போட்ட பைப் காலையில் குறுகி டேங்க் மூட்டைச் சாய்த்து இழுக்கிறது, வெயில் ஏறியதும் விடுகிறது. நட்டை இன்னும் இறுக்கிப் பயனில்லை. பைப்பில் ஒரு வளைவு விடுங்கள்.

மழை, மூடுபனி நாளில் டேங்க் அடி முழுவதும் ஈரமாக இருக்கிறது. எங்கே ஒழுகுகிறது என்றே தெரியவில்லை.

அது ஒழுகலாகவே இருக்காமல் போகலாம். உள்ளே சில்லென்ற ஊற்றுத் தண்ணீர், வெளியே ஈரக்காற்று, டேங்க் வியர்க்கும். சுவரையும் நிப்பிளையும் நன்றாகத் துடைத்துவிட்டு, நிப்பிளைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாளைக் கட்டுங்கள். அரை மணி கழித்து, தாள் நிப்பிளுக்குக் கீழே மட்டும் நாக்குபோல் நனைந்திருந்தால் ஒழுகல். சுவர் முழுக்க முத்து முத்தாகப் பூத்திருந்தால் வியர்வை. ஸ்பேனரை உள்ளே வைத்துவிடலாம்.

கறுப்பு ஓஸை நேராகக் கிராமெட்டில் செருகலாமா?

வேண்டாம். சுருளில் கிடந்த ஓஸ் முட்டை வடிவமாக இருக்கும், ரப்பர் அழுத்தும்போது இன்னும் சப்பையாகும். ஒரு சாண் கெட்டி யூபிவிசித் துண்டைச் செருகி, அதிலிருந்து ஓஸுக்கு மாறுங்கள்.

மருந்து கலக்கும் டிரம், டீசல் பீப்பாய், வெந்நீர்த் தொட்டி இவற்றுக்கும் இதே ரப்பரா?

உரக்கரைசலுக்கு ஈபிடிஎம் போதும். போர்டோ கலவை, காப்பர் மருந்து கலக்கும் டிரம்மில் சாதா இயற்கை ரப்பர் வைக்க வேண்டாம். தாமிரம் அதைச் சீக்கிரம் அரித்துப் பிசுபிசுக்க வைக்கும். எண்ணெய் கலந்த மருந்துக்கும் டீசலுக்கும் நைட்ரைல். வெந்நீருக்கு ஈபிடிஎம் அல்லது சிலிக்கான், பைப்பு சிபிவிசி. சாதா பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும்.

எஸ்டேட் காலத்துச் சிமெண்ட் தொட்டி. அதற்குக் கிராமெட் போடலாமா?

முடியாது. கிராமெட் மெல்லிய சுவருக்கானது. சிமெண்ட் சுவரில் நடுவில் தகட்டு வளையம் வைத்த ஜிஐ பைப்பைப் பதித்துப் பூசுவதே வழி.

குரங்கு ஓவர்ஃப்ளோ பைப்பைப் பிடித்துத் தொங்கிப் பிடுங்கிவிடுகிறது. காட்டுமாடு முட்டியும் ஒரு தடவை போய்விட்டது.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பைப்பும் குரங்குக்குக் கைப்பிடிதான். ஓவர்ஃப்ளோவுக்குக் கிராமெட் வேண்டாம். நட் உள்ள நிப்பிள் போட்டு, வெளியே வந்தவுடன் எல்போ வைத்துச் சுவரை ஒட்டியே கீழே இறக்குங்கள். முனையில் வலை கட்டுங்கள். காட்டுமாட்டுக்கு எந்த ரப்பரும் ஈடு கொடுக்காது. பைப்பை ஓர் அடி ஆழம் புதைத்து, டேங்க் மூட்டைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டால், போகிற போக்கில் உரசுவதாவது தப்பும்.

ஓட்டை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. டேங்க்கையே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. அடுத்த அளவு நிப்பிள் அந்த ஓட்டைக்குப் பொருந்துமா பாருங்கள். பொருந்தினால் அதைப் போட்டு, வெளியே ரெடியூசர் வைத்துப் பழைய பைப்புக்கு இறங்கிவிடலாம். ஓட்டை கோணலாக இருந்தால் ஹோல் சாவை நேராகப் பிடிக்க நடுவில் பிடிமானம் இருக்காது. ஒரு பலகைத் துண்டை உள்பக்கம் வைத்துக் கட்டி, அதில் நடுத் துளையிட்டு வெட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த ஓட்டையில் நிப்பிளை மாட்டி மூடி போட்டு அடைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளிச் சுவர் தட்டையாக உள்ள இடத்தில் புதிதாகப் போடுங்கள்.

கோடையில் இந்த வேலை வந்தால், டேங்க்கைக் காலி செய்வதற்கு முன்னால் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் ஊற்று மெலிந்த பிறகு, 1000 லிட்டர் மறுபடி நிறைய எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் ஊற்றைப் பொறுத்தது.